அக்டோபரில் திருமணமானவர்கள்

"உன்ர கலியாண நாள் எண்டைக்குப் பிள்ளை?"

பேச்சு இப்படித்தான் தொடங்கியது. டெக்சஸின் ஆலனில், இந்திய மளிகைக் கடையின் பார்க்கிங் லாட். ஆகஸ்ட் வெயிலில் தார் இளகிக் கிடந்தது. நிருஜா அரிசி மூட்டையைத் தள்ளுவண்டியிலிருந்து காருக்குள் மாற்றிக்கொண்டிருந்தாள். யாரோ வந்து மூட்டையின் மறுமுனையைப் பிடித்தார்கள். நிமிர்ந்தால் நேசமலர். சுகம் விசாரிக்கவில்லை, வெயிலைத் திட்டவில்லை, நேரே கேள்வி.

"என்ன அன்ரி?"

"கலியாண நாள். நீயும் விஷாகாவும் கோர்ட்டில போய்க் கையெழுத்து வச்ச நாள். அக்டோபர் எண்டு தெரியும். டேட்டைச் சொல்லு."

"எதுக்கு?"

"எதுக்கோ? முதல் ஞாயிறு முன்னுக்குக் கூப்பிட வேண்டாமே? டேட் தெரியாமல் என்னண்டு கூப்பிடுறது?"

நிருஜா மூட்டையை விட்டுவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். கடை வாசலில் தெரிந்த முகம் எதுவும் இல்லை.

"ப்ளீஸ் அன்ரி, வேண்டாம். பெரிய இஷ்யூ ஆகும்."

"ஆகும்தான். ஆகட்டும்."

"ஞானசிகாமணி அங்கிள் சும்மா விடமாட்டார்."

"அவரை விடு. அவர் கத்திப்போட்டுச் சாப்பிட வந்திடுவார். எனக்கு வீட்டுக்குள்ளதான் பிரச்சினை. உன்ர பேரைக் கூப்பிட்டால் தான் இருக்கிற வாங்கை விட்டு எழும்பமாட்டன் எண்டு உங்கட தியாகராஜா அங்கிள் சொல்லிப்போட்டார். எங்கட கலியாண நாளும் அக்டோபரில்தானே. நான் தனியப் போய் முழங்காலில நிக்கட்டுமாம்."

"தியாகராஜா அங்கிளா?"

"ஓம், அவர்தான். உனக்குக் கார் ஓட்டப் பழக்கின அதே மனுசன்தான்."

நிருஜா மூட்டையை உள்ளே தள்ளினாள். பிறகு சொன்னாள்: "அப்ப கூப்பிடாதீங்கோ அன்ரி. எங்களால நீங்க ரெண்டு பேரும் ஏன் சண்டை..."

"கூப்பிடட்டோ வேண்டாமோ எண்டு நான் உன்னட்டைக் கேக்கேல்லை. முன்னுக்கு வாறதும் வராததும் உன்ர விருப்பம். கூப்பிடுறது என்ர வேலை. டேட்டைச் சொல்லு, கறிவேப்பிலை வாடுது."

"பதினொண்டு."

"எங்களுக்குப் பத்தொன்பது," என்றார் நேசமலர். போனில் எதையோ தட்டிக்கொண்டே தன் காரை நோக்கி நடந்துவிட்டார்.

ஆலனில் இருக்கும் அந்தத் தமிழ்ச் சபை பெரியதில்லை. அதற்குச் சொந்தக் கட்டிடமும் இல்லை. ஓர் அமெரிக்கச் சபையின் காலை ஆராதனை முடிந்து கார்கள் எல்லாம் போன பிறகு, அதே ஆலயத்தில் பிற்பகலில் கூடும். யாழ்ப்பாணத்துக்காரர்கள் பாதி, திருநெல்வேலி, நாகர்கோவில், சென்னைக்காரர்கள் மீதி. எல்லோருக்கும் பாட்டு ஒன்றுதான். குழம்புதான் வேறு வேறு.

மாதத்தின் முதல் ஞாயிறு, பிரசங்கத்துக்கு முன்னால், அந்த மாதத்தில் திருமண நாள் வருகிறவர்களைப் பெயர் சொல்லி முன்னே அழைப்பது அங்கே வழக்கம். ஜோடி ஜோடியாகப் போய்ப் பீடத்தின் முன் முழங்காற்படியிடுவார்கள். போதகர் ஜெபிப்பார். சபை எழுந்து நின்று, அவர்கள் பக்கமாகக் கையை நீட்டி ஆசீர்வதிக்கும். அன்றைய சாப்பாடு அந்த மாதத்து ஜோடிகளின் பொறுப்பு. மே மாதத்து ஜோடிகள் ஏராளம். வாழையிலை போட்டே விருந்து நடக்கும். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் கிறிஸ்தவக் கல்யாணம் நடப்பது அபூர்வம் என்பதால் மார்ச் மாதத்துக்கு ஒரே ஒரு ஜோடி. அந்த மாதம் சபைக்குப் பீட்சாதான்.

மைக்கில் பெயர்களை அழைக்கிறவர் நேசமலர். அந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவரும் அவரே.

அவர் மானிப்பாயில் பிறந்தவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு சென்னைக்கு வந்து, வளசரவாக்கத்தில் ஒரு வீட்டின் மாடியறையில் சொந்தக்காரர்களோடு இருந்தார். சாவகச்சேரியிலிருந்து வந்திருந்த தியாகராஜாவை அங்கேதான் கண்டார். இருவரும் கிறிஸ்தவக் கோயிலில் மோதிரம் மாற்ற ஆசைப்பட்டார்கள். ஊர்ச் சபையிலிருந்து, இவர்களுக்கு முன்பே திருமணம் ஆகவில்லை என்று எழுத்தில் வர வேண்டும் என்றார் சென்னைப் போதகர். ஊரில் தபாலும் இல்லை, பாதையும் இல்லை, அவர்களுடைய சபைக் கட்டிடத்துக்குக் கூரையும் இல்லை. "வரட்டும், பொறுங்க," என்றார் போதகர். பொறுத்தார்கள். கடைசியில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வீட்டுக்காரரும் தெருமுனை டீக்கடைக்காரரும் சாட்சி. யாரும் தலையில் கை வைத்து ஜெபிக்கவில்லை.

டெக்சஸுக்கு வந்து நேசமலர் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தியாகராஜா நகரத்தின் குடிநீர்ப் பிரிவில் பொறியாளரானார். தமிழ்ச் சபை யாரோ ஒருவருடைய லிவிங் ரூமில் கூடிய காலத்தில், ஒரு அக்டோபர் ஞாயிறு, நேசமலர் கூட்டத்தின் நடுவில் எழுந்தார். "எங்கட கலியாணத்துக்கு ஒருத்தரும் ஜெபிக்கேல்லை. பிந்தினாலும் பரவாயில்லை, இப்ப ஜெபியுங்கோ," என்று சொல்லிக் கணவர் கையைப் பிடித்துக் கம்பளத்தில் முழங்காலில் நின்றுவிட்டார். எல்லோரும் ஜெபித்தார்கள். அடுத்த மாதம் இன்னொரு ஜோடி தங்களுக்கும் வேண்டும் என்றது. வழக்கம் அப்படிப் பிடித்துக்கொண்டது.

அவர் சொன்ன பேச்சுக்குச் சபை உடனே தலையாட்டியது என்று இல்லை. நாகமணியின் கணவர் இறந்த வருடம், அவர்களுடைய மாதம் வந்ததும் நேசமலர் வழக்கம்போல இரண்டு பேரையும் சேர்த்தே அழைத்தார். சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. செத்தவர் பேரைச் சொல்லி அழைப்பதா, கல்யாணம் மரணத்தோடு முடிந்ததல்லவா என்று செயலாளர் ஞானசிகாமணி முன்பெஞ்சிலிருந்தே கேட்டார். நாகமணி எழுந்து போனார், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு முழங்காலிட்டார். அதற்கப்புறம் விதவைகளும் மனைவியை இழந்த ஆண்களும் தங்கள் தங்கள் மாதத்தில் முன்னே வருகிறார்கள். யாரும் எதுவும் கேட்பதில்லை.

குடியேற்ற நீதிமன்றத்துக்குக் கூடப் போக ஆளில்லாத குடும்பங்களை டாலஸுக்குக் காரில் கொண்டுபோய் விடுவதற்கும் அவரே முதலில் கிளம்பினார். மொழி தெரியாத ஹோண்டுராஸ் பெண் ஒருத்தியோடு வெளிவராந்தாவில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வந்து, "அவளுக்கு நான் பேசினது விளங்கேல்லை, எனக்கு அவள் பேசினது விளங்கேல்லை, நல்லாக் கதைச்சம்," என்றார். இப்போது அந்தப் பயணத்துக்குச் சபையில் முறை வைத்துப் போகிறார்கள். ஞானசிகாமணியும் போகிறார்.

நிருஜா இந்தச் சபையில் வளர்ந்தவள். சண்டே ஸ்கூலில் பாதித் தமிழையும், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மீதியையும் படித்தாள். யார் வீட்டில் எந்தப் பிள்ளைக்கு என்ன படிப்பு என்பது வரை எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த இடம் அது. ஆனால் விஷாகாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இருவரும் திருமணப் பதிவு செய்த செய்தி வாட்ஸாப்பில் எப்படியோ கசிந்து, எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரும் தெரியாதது போல இருந்தார்கள். நிருஜாவின் பெற்றோர் டொராண்டோவில் அண்ணனோடு இருக்கிறார்கள். போனில் பனியைப் பற்றி மட்டும் பேசுவார்கள். சபையில் விஷாகாவை "நிருஜாவின்ர ஃப்ரெண்ட்" என்பார்கள். மயிலாப்பூரில் பிறந்து, விபூதி வைத்து வளர்ந்த விஷாகா அதற்கெல்லாம் சிரித்துவிடுவாள். நிருஜாவால் முடியாது. போன அக்டோபரில் நேசமலர் பெயர்களை அழைத்தபோது அவள் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, தேவையில்லாத ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்தபோது மைக்கின் பின்னாலிருந்து நேசமலர் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

பார்க்கிங் லாட்டில் நடந்ததைக் கேட்டதும் விஷாகா சொன்னாள்: "ஆன்ட்டி செம. ஆனா நீ போகணும்னாதான் நான் வருவேன். உன் சர்ச்சுடி அது. எனக்கு அங்க சாப்பாடு மட்டும்தான் முழுசா புரியும்."

"நமக்காக அவங்க வீட்டுல சண்டை வரணுமா?"

"அது ஏற்கெனவே வந்தாச்சுல்ல. நீ போகலன்னா நின்னுடுமா?"

செப்டம்பரில் சபைக் கமிட்டி கூடியது. அங்கே நடந்ததை, கமிட்டியில் இருக்கும் நாகமணி சொல்லித்தான் நிருஜா தெரிந்துகொண்டாள். நாகமணி ஒவ்வொருவர் குரலிலும் நடித்தே காட்டுவார்.

ஆலயத்தில் வேறு இடம் கிடைக்காமல் சண்டே ஸ்கூல் அறையில் கூடினார்களாம். சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகள்; பெரிய மனிதர்கள் எல்லோரும் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஞானசிகாமணிதான் ஆரம்பித்தார்.

"எக்கா, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளைதான். நம்ம கண்ணு முன்னால வளந்தவ. வரட்டு, பாடட்டு, சாப்பிடட்டு. ஆனா முன்னால கூப்பிட்டு முட்டங்கால் போட வச்சு ஜெபிச்சா, நாளைக்கு எம்பேரன் கேப்பாம்லா? நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"உங்கட பேரன்தானே உங்களுக்கு அந்தக் கொடியை விளங்கப்படுத்தினவன்? அவனையே கேளுங்கோ, பதில் சொல்லுவான்," என்றார் நேசமலர்.

அறை முழுக்கச் சிரிப்பு. கொடிக் கதை எல்லோருக்கும் தெரியும். அமெரிக்கச் சபையின் முன்வாசலில் வானவில் கொடி ஒன்று தொங்கும். சபை அங்கே குடிவந்த புதிதில் ஞானசிகாமணி அதை நோவாவுக்குக் கடவுள் காட்டிய வில் என்று எண்ணிக்கொண்டார். வெள்ளைக்காரர்களுக்கு இவ்வளவு வேதபக்தியா என்று மெய்சிலிர்த்து, குடும்பத்தைக் கொடிக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்து, கிறிஸ்துமஸ் வாழ்த்தாக அச்சடித்துத் திருநெல்வேலியில் உள்ள உறவுக்கெல்லாம் அனுப்பினார். பள்ளிக்கூடம் போகிற பேரன் வாழ்த்து அட்டையைப் பார்த்து, "தாத்தா, திஸ் இஸ் ஸோ கூல் ஆஃப் யூ," என்று கட்டிப்பிடித்த பிறகுதான் அது தன்பாலின ஈர்ப்பாளர்களை வரவேற்கும் கொடி என்பது வெளிவந்தது. அதிலிருந்து தமிழ்ச் சபை பக்கவாட்டு வாசல் வழியாகப் போய்வருகிறது.

"சிரிக்காதீங்க, சீரியஸா பேசுதேன்," என்றார் ஞானசிகாமணி.

"நானும் சீரியஸாத்தான் சொல்லுறன். இவ்வளவு வருசம் பேர் கூப்பிடுறன். யாருடைய கலியாணத்தையாவது நாங்கள் சரியோ பிழையோ எண்டு கேட்டுப்போட்டு ஜெபிச்சனாங்களே? ஓடிப்போய்க் கட்டினவை வந்தவை. ரெண்டாந்தரம் கட்டினவை வந்தவை. சைவக் கோயில்ல ஐயரைக் கொண்டு தாலி கட்டினவையும் வந்தவை, நீங்கள்தான் எழும்பி நிண்டு கையை நீட்டினீங்கள். எங்களைப் பாருங்கோ. எங்களுக்கு எந்தக் கோயில்ல நடந்தது? கடுதாசி இல்லை எண்டு திருப்பி அனுப்பின ஆக்கள் நாங்கள். அதே வேலையை நான் இந்தப் பிள்ளைக்குச் செய்யமாட்டன்."

யாரோ வேதாகமத்தைப் புரட்டி ஒரு வசனத்தை வாசிக்கத் தொடங்கினார்கள். போதகர் நவநீத் சென்னைக்காரர், கமிட்டியில் எல்லோரையும்விட வயதில் இளையவர். அவர் கையை உயர்த்தினார்.

"அந்த வசனமெல்லாம் எனக்குத் தெரியும், நானும் படிச்சிருக்கேன். மனசுல எனக்கு இன்னும் எல்லாம் கிளியர் ஆகலை, ஒத்துக்கறேன். ஆனா நான் கேக்கறது வேற. ஜெபிங்கன்னு முழங்கால் போட்டு வந்தவங்களை, எழுந்து போங்கன்னு நான் சொல்றதுக்கு ஒரு வசனம் காட்டுங்க. காட்டினா சொல்றேன்."

வேதாகமம் மூடப்பட்டது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. அழுதவர்கள் இருந்தார்கள், எழுந்து போனவர்கள் இருந்தார்கள். கடைசியில், முன்னே வருகிற தம்பதி யாராயிருந்தாலும் சபை அவர்களைக் கேள்வி கேட்காது, ஜெபிக்கும் என்று கை தூக்கி முடிவு செய்தார்கள். தூக்கிய கைகளே அதிகம்.

தியாகராஜா அந்தக் குட்டி நாற்காலியில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். ஆதரித்தும் கை தூக்கவில்லை, எதிர்த்தும் தூக்கவில்லை. வெளியே வரும்போது நாகமணியிடம், "என்ர மனுசி சொல்லுறது சரியாயிருக்கலாம். என்னால ஏலாது," என்றாராம்.

இதைக் கேட்டபின் நிருஜாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேசமலர் நீதிமன்ற முறைக்குப் போயிருந்த ஒரு நாள் பார்த்து அவர்கள் வீட்டுக்குப் போனாள். தியாகராஜா கராஜ் கதவைத் திறந்துவைத்துத் தோட்டக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவள் காரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பிறகு எதற்கு வந்திருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தவர் போலக் குழாயைப் பார்க்கத் தொடங்கினார்.

"அங்கிள், நான் முன்னால வரல. அன்ரிகிட்ட சொல்லிடுறேன். நீங்க வழக்கம் மாதிரி அவங்களோட போங்கோ."

"நீ வராட்டிலும் அவள் உன்ர பேரைக் கூப்பிடுவாள். உனக்கு அவளைத் தெரியாதே?"

"கூப்பிட்டா கூப்பிடட்டும். நாங்க எழும்பல. அப்ப உங்களுக்கு ஓகேதானே?"

அவர் குழாயின் அடுத்த சுற்றைச் சுருட்டினார். நிருஜாவின் குரல் அவளை மீறி உயர்ந்தது. "என்மேல கோபமா அங்கிள்?"

"உன்னில எனக்கென்ன கோபம்? உன்னைச் சின்னனிலயிருந்து தெரியும்."

"அப்ப ஏன்?"

தியாகராஜா வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் அவளைத் தாண்டிப் போய்க் குனிந்து காரின் முன்சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார்.

"முன் டயரில காத்துக் குறைவு. இப்பிடியே ஃப்ரீவேயில வந்தனியோ?"

உள்ளே போய்ப் பம்ப்பை எடுத்து வந்தார். நாலு சக்கரத்துக்கும் காற்றடித்தார். மோட்டார்ச் சத்தத்தில் பேச முடியாது. முடித்துவிட்டு, "கவனமாப் போ," என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் வழியில், போக வேண்டாம் என்ற முடிவு அவளுக்குள்ளேயே மாறிவிட்டது. அந்தக் "கவனமாப் போ"வுக்காக இல்லை. அவளுடைய "ஏன்" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை என்பதை நேரில் பார்த்துவிட்டாள். பதில் இல்லாத ஒன்றுக்காக இன்னொரு அக்டோபரும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார அவளுக்கு மனம் வரவில்லை. விஷாகாவிடம் அவள் இதையெல்லாம் விளக்கவில்லை. "வெஜிடபிள் பிரியாணி எத்தனை பேருக்குப் பண்ண வரும் உனக்கு?" என்று கேட்டாள். விஷாகாவுக்குப் புரிந்துவிட்டது.

அக்டோபரின் முதல் ஞாயிறு ஆலயம் நிறைந்திருந்தது. வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். நேசமலர் மெரூன் நிறப் பட்டுப் புடவையில் மைக்கின் முன்னால் நின்றார். தியாகராஜா எப்போதும் உட்காரும் மூன்றாவது பெஞ்சில், இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"அக்டோபர் மாதத்தில் திருமண நாளைக் கொண்டாடுகிறவர்கள் முன்னே வரலாம்," என்றார் நேசமலர், மேடைத் தமிழில். "நாலாம் திகதி, ஷீபா, ஜெபக்குமார்."

நாகர்கோவில் ஜோடி எழுந்து போனது.

"பதினோராம் திகதி, நிருஜா, விஷாகா."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஏசி இரையும் சத்தம் கேட்டது. நிருஜாவின் கை பாட்டுப் புத்தகத்தைத் தேடியது. விஷாகா அவள் காதருகே குனிந்து, "பிரியாணி பண்ணியாச்சுடி, இனிமே திரும்ப முடியாது," என்றாள். நிருஜா எழுந்தாள். பெஞ்சுகளுக்கு நடுவிலிருந்த வழி அவ்வளவு நீளம் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. பீடத்தின் முன் ஜெபக்குமார் திரும்பிப் பார்த்துத் தயங்கினார். ஷீபா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "முட்டங்கால் போடுங்க," என்றாள். நான்கு பேரும் முழங்காலிட்டார்கள்.

"பத்தொன்பதாம் திகதி, நேசமலர், தியாகராஜா."

மைக்கை அதன் தண்டில் செருகும் சத்தம் கேட்டது. புடவை சரசரத்தது. நேசமலர் நிருஜாவை அடுத்து வந்து, மூட்டுவலியில் மெல்ல முனகி, முழங்காலில் நின்றார். அவருக்கு மறுபக்கம் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. போதகர் நவநீத் உடனே ஜெபத்தைத் தொடங்கவில்லை. மூன்றாவது பெஞ்சைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நிருஜா தலையைத் திருப்பவில்லை. காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"தொடங்குங்கோ பாஸ்டர், பிரியாணி ஆறுது," என்றார் நேசமலர் தாழ்ந்த குரலில்.

போதகர் ஆறு பேருடைய பெயரையும் சொல்லி ஜெபித்தார். வராதவர் பெயரையும் சேர்த்தே சொன்னார். பின்னால் சபை எழும் சத்தம் வந்தது. பெஞ்சுகள் கிறீச்சிட்டன, புத்தகம் ஒன்று விழுந்தது. முழுச் சபையும் எழுந்தால் வருகிற சத்தத்தை நிருஜா அறிவாள். இது அவ்வளவு இல்லை. ஆனாலும் பெரிய சத்தம்தான். யார் கை நீட்டினார்கள், யார் நீட்டவில்லை என்று நாகமணி பிறகு சொல்ல வந்தபோது, வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். ஒன்றை மட்டும் கேட்டாள். அங்கிள் உட்கார்ந்தே இருந்தாராம், தலையைக் குனிந்தபடி.

சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. காரில் போய் உட்கார்ந்துகொண்டார். ஞானசிகாமணி வந்தார். பிரியாணியை இரண்டாவது தடவை வாங்கும்போது விஷாகாவிடம், "பட்டை கொஞ்சம் தூக்கலாப் போச்சு," என்று குற்றம் சொன்னார். அவ்வளவு நாளில் அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மூன்று குடும்பங்கள் சபையை விட்டுப் போயின. அவர்களில் ஒருவர் நிருஜாவுக்குச் சண்டே ஸ்கூலில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். போதகருக்கு இந்தியாவிலிருந்து வெகு காட்டமான போன் அழைப்புகள் வந்தன. புதிதாக இரண்டு பேர் வந்தார்கள், கலிபோர்னியாவின் சன்னிவேலிலிருந்து வேலை மாறி வந்த ஒரு இளைஞனும் அவன் அம்மாவும். அம்மா முதல் நாள் பின்பெஞ்சில் உட்கார்ந்து ஆராதனை முடியும் வரை அழுதார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, டீ கொடுத்தார்கள். சிலர் இப்போது கொடி தொங்கும் முன்வாசல் வழியாகவே வருகிறார்கள். சிலர் இன்னும் பக்கவாட்டு வாசலால்தான்.

தியாகராஜா ஞாயிறு தோறும் மனைவியைக் காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, டாலஸில் இன்னொரு தமிழ்ச் சபைக்குப் போகிறார். முடிந்ததும் வந்து ஏற்றிக்கொண்டு போகிறார். வீட்டில் இருவரும் பேசிக்கொள்கிறார்கள், சேர்ந்து சாப்பிடுகிறார்கள், மளிகைக்குப் போகிறார்கள். அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நேசமலர் இதை ரத்த அழுத்தம் எவ்வளவு என்று சொல்கிறவர் போலத்தான் நிருஜாவிடம் சொன்னார்.

நவம்பர் முதல் ஞாயிறு. பெயர்களை அழைக்க வேண்டிய நாள் என்பதால் நேசமலர் முன்னதாகவே வந்திருந்தார். நிருஜா கீபோர்டுக்கு வயர் மாட்டிக்கொடுக்கச் சீக்கிரம் போனபோது, ஆலயத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார். மூன்றாவது பெஞ்ச். தன் பக்கத்தில், கணவர் உட்காரும் இடத்தில், கைப்பையை வைத்திருந்தார். நிருஜாவைக் கண்டதும் கையசைத்துக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஒண்டு கேட்டால் செய்வியே?"

"சொல்லுங்கோ அன்ரி."

நேசமலர் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்த இடம் சும்மா கிடந்தால் வாறவை போறவை எல்லாரும் இதைத்தான் பாக்கினம். பிரசங்கம் கேக்க ஏலாமக் கிடக்கு. நீயும் விஷாகாவும் இனி இதில வந்து இருங்கோ. அவர் எண்டைக்கோ ஒரு நாள் வருவார், மனுசனை எனக்குத் தெரியும். வந்தால் நீங்கள் மரியாதைக்கு எழும்பிப் பின்னுக்குப் போயிடக் கூடாது, சொல்லிப்போட்டன். கொஞ்சம் தள்ளி இருந்து அவருக்கும் இடம் விடுங்கோ, என்ன?"